சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுவந்த எதிர்ப்பு

சிட்னியின் உள்ளூராட்சிக் கவுன்சிலில் மக்கள் கருத்துக் கேட்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல வார்த்தை சொல்வதற்கென்றே அங்கே சம்பளத்துக்கு மேலாளர்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றவள். என்னிடம் மிஞ்சி இருப்பவை நான் விட்ட பிழைகள்தான். அவற்றில் பெரியது ஒன்றைத் தருகிறேன். வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இப்போது எல்லாம் திரையில் வந்துவிடுகிறது. ஆதரவு என்றால் பச்சை, எதிர்ப்பு என்றால் சிவப்பு. போன மாதம் டூங்கபியில் என் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தபோது உங்களில் ஒருத்தி கைபேசியை நீட்டி, "அன்ரி, பாருங்கோ, சீரோ ஒப்ஜெக்‌ஷன்ஸ்!" என்றாள். முழுக்கப் பச்சை. பிள்ளையின் முகத்தில் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய சந்தோஷம். நான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதிர்ப்பே இல்லை என்று நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அதுவும் தடித்த எழுத்தில்.

நான் வேலை செய்த மேற்கு சிட்னிக் கவுன்சிலின் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. சில வருடங்களுக்கு முன், அதன் எல்லைக்குள் இருந்த ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு என்று ஓர் உள்ளரங்கம், எல்லோரும் சொன்னபடி ஒரு ஜிம், கட்டுவதற்குத் திட்டம் வந்தது. பகலில் பிள்ளைகளுக்கு, மாலையிலும் வார இறுதியிலும் ஊருக்கு. கவுன்சில் தன் பங்குக்குக் கடன் எடுக்கும். அந்தக் கடனைச் சுற்றுவட்டாரத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுவரியான ரேட்ஸோடு சேர்த்துப் பல வருடம் கட்டித் தீர்ப்பார்கள். கட்டச் சம்மதமா என்று அவர்களிடம் கேட்டு, கேட்டதை ஓர் அறிக்கையாக எழுதி, வாக்களிக்கப்போகும் கவுன்சிலர்களிடம் கொடுப்பது என் வேலை. வட்டாரத்தில் போருக்குத் தப்பி வந்த எங்கள் தமிழ் ஆட்கள் நிறையப் பேர். "உன் மக்கள், உனக்குத்தான் பேசத் தெரியும்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

எனக்கு அந்த ஜிம் வேண்டியிருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்த நாட்டில் கோடையான தை மாதத்து வெயிலில் அந்தப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கால் வைக்க முடியாது. விளையாட்டுப் பாடத்துக்கு நடைக்கூடத்தில் வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒருவர் தலைமுடியை ஒருவர் பின்னிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்த அன்றே என் மனதுக்குள் வாக்குப் போட்டாயிற்று. கருத்துக் கேட்கப் போகிறவளுக்கு அது கூடாத வேலை.

ரேட்ஸ் கூடும் என்று எதிர்ப்பும் கிளம்பியிருந்தது, அதற்குத் தலைவர் யார் என்று எனக்குத் தெரியும். என் சம்பந்தி.

என் மகளை அவருடைய மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். அவர் சிட்னி ரயிலில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் இருந்து முதலாவதாக எழும்புகிறவர். கோயில் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பற்றி மட்டும் முக்கால் மணித்தியாலம் பேசியிருக்கிறார். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் முன்னால் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது கிடையாது.

இந்த உறவைக் கவுன்சிலுக்கு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. கணவன், பிள்ளை, சகோதரர் என்று வரிசையாகக் கட்டங்கள். சம்பந்திக்குக் கட்டம் இல்லை. வெள்ளைக்காரருக்குச் சம்பந்தி என்றால் என்னவென்று விளக்கப் போனால் விடிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் "வேறு" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நான் பார்க்காத மாதிரிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அடுத்தது கூட்டம். பள்ளிக்கூட நூலகத்தில், சனிக்கிழமை பின்னேரம். எங்கள் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு வெறும் பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்வது? அந்த வட்டாரத்தில் ரோல்ஸும் வடையும் ஓர்டருக்குச் செய்து கொடுப்பதில் பெயர் எடுத்தவர் அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். நான் அவரிடமே சொன்னேன். என்னுடைய கெட்டித்தனத்தை நினைத்து அன்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

அறுபது, எழுபது பேர் வந்தார்கள். வந்தவுடன் சாப்பாடு. அக்கா தானே தட்டு எடுத்து ஒவ்வொருவருக்கும் பரிமாறினார். "இன்னொண்டு எடுங்கோ, வெக்கப்படாதேங்கோ" என்று நானும் பின்னால் சட்னியோடு திரிந்தேன். எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு படங்களைப் போட்டு விளக்கினேன். "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா? தயங்காமல் சொல்லுங்கோ" என்றேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணை கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு, கூரையில் விசிறி சுற்றுவதை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்த, கம்ப்யூட்டர் துறையில் வேலை செய்யும் ஒருவர் மட்டும் எழுந்தார். சரி, தொடங்கிவிட்டது என்று பேனாவை எடுத்தேன். "ரொம்ப நல்லா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க மேடம். வடை சூப்பர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் வேறு.

விருந்துக்கு அழைத்து, கையால் பரிமாறி, உண்ட கை காயும் முன்னே, "என்னுடைய திட்டத்தில் பிழை சொல்லுங்கள்" என்றால் எந்தத் தமிழர் சொல்வார்? சொன்னால் அவரை நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அதுவும் தன் மனைவி சுட்ட வடையைச் சம்பந்தி பரிமாறும் கூட்டத்தில் ஒரு மனுஷன் எழுந்து சண்டை பிடிப்பாரா? பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் இது. அன்றைக்கு வசதியாக மறந்துபோனது. திங்கட்கிழமை அறிக்கையின் முதல் வரைவில், "கூட்டத்தில் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை" என்று எழுதினேன்.

எங்கள் மேலாளர் ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தில் ஆட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்த பெண்மணி. சிறிய கத்தியால் ஆப்பிளைச் சீவிச் சாப்பிட்டுக்கொண்டே மற்றவர்களின் அறிக்கைகளைப் படிப்பார். அந்த வரியில் கத்தி நின்றது.

"எழுபது பேர். ரேட்ஸ் கூடப்போகிறது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லையா?" என்று கேட்டார்.

"எங்கள் சமூகம் கல்விக்கு எப்போதும் ஆதரவு" என்றேன். என்னவொரு வசனம்! இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அவர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு ஆப்பிளுக்குத் திரும்பினார். அவர் அப்படித்தான், நாமே போய் இடித்துக்கொள்ளும்வரை சுவரைக் காட்டித்தர மாட்டார்.

எழுத்தில் கருத்துக் கொடுக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை நேரம் இருந்தது. புதன்கிழமை பின்னேரம் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையத் தோட்டத்து முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். கூடவே பெரிய பழுப்பு நிறக் கடித உறை ஒன்று, ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதை ஒருக்கா ஆறுதலாப் பாருங்கோ தங்கச்சி."

"ஓம் அண்ணை, பாக்கிறன். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

அடுத்த மாதம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேரனான சின்னவனுக்கு முதலாவது பிறந்தநாள். மண்டபம் எடுத்துக் கொண்டாடுவதாக இருந்தோம். அவர்கள் பக்கத்தில் அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தரும்படி நான்தான் கேட்டிருந்தேன். உறையின் கனத்தைப் பார்த்ததும், ஐயோ, ஊர் முழுக்க எழுதிக் கொண்டுவந்துவிட்டார், சின்ன மண்டபம் காணாதே என்றுதான் நினைத்தேன். தந்தவர் முன்னாலேயே உறையைக் கிழித்துப் பார்ப்பது நம்மில் பழக்கம் இல்லையே. சுவாமி அறைத் தட்டில் வைத்தேன். அவரும் தேநீர் குடித்தபடி மழையைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். என் வீட்டில் இருந்துகொண்டு என் வேலையை எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று அவர் அதைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. மரியாதை தெரிந்த இரண்டு பேர் சேர்ந்தால் எவ்வளவு பெரிய விபரீதம் நடக்கும் என்பதற்கு நாங்கள் உதாரணம்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி ஆனது. அலுவலகத்துக்கு வந்த கடிதங்கள் சில, பெரும்பாலும் ஆதரவு. நான் அறிக்கையை முடித்து, எதிர்ப்பு இல்லை என்ற வரியைத் தடித்த எழுத்தாக்கி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை கவுன்சிலர்கள் வாக்களிப்பதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தலைகளை எண்ணுவோம் என்று உறையைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் பேரும் விலாசமும். முதல் பெயரே எனக்கு யாரென்று தெரியவில்லை. இவரை எதற்குக் கூப்பிடுகிறார் என்று யோசித்துக்கொண்டே இரண்டாவது, மூன்றாவது என்று போனேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கையெழுத்து இருந்தது. பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே கையெழுத்து வைப்பார்களா? அப்போதுதான் பக்கத்தின் தலையைப் பார்த்தேன். "கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், இந்த ஜிம்முக்காக எங்கள் ரேட்ஸை உயர்த்துவதை எதிர்க்கிறோம்." மொத்தம் நூற்று முப்பத்தெட்டுப் பேர். முந்தின வாரம் சனிக்கிழமைக் கூட்டத்தில் வடை சாப்பிட்டவர்கள் அநேகமாக எல்லோரும் அதில் இருந்தார்கள். வடை சூப்பர் என்றவரும் இருந்தார்.

பொய் சொல்ல மாட்டேன். முதலில் எனக்கு வந்தது கோபம். அடுத்து வந்தது ஒரு யோசனை, அதுதான் அசிங்கமானது. விதிப்படி கருத்துகள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அலுவலகத்துக்கு வந்திருக்க வேண்டும். இது வரவில்லை. திங்கட்கிழமை கொண்டுபோய், "பிந்தி வந்தது" என்று முத்திரை குத்திக் கோப்பில் போட்டால் யார் என்ன கேட்க முடியும்? பெண் பிள்ளைகளுக்கு ஜிம் கிடைக்கும். என் அறிக்கை பிழைக்கும். அண்ணைக்கும் விஷயம் தெரியவே போவதில்லை. சுவாமி அறை வாசலில் நின்றுகொண்டே இவ்வளவையும் யோசித்தேன்.

யோசித்தபடியே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். திட்டுவதற்குத்தான் எடுத்தேன்.

"அண்ணை, இதைக் கவுன்சிலுக்கெல்லோ அனுப்பியிருக்க வேணும்! ஏன் என்ரை வீட்டை கொண்டுவந்தனீங்கள்?"

"அங்கை குடுக்க வேண்டாம் எண்டு ஆக்கள் சொல்லிப்போட்டினம் தங்கச்சி" என்றார். "கன பேர் கையெழுத்து வைக்கப் பயந்தவை. பேரும் விலாசமும் எழுதி அரசாங்கத்திட்டைக் குடுக்கிறதோ எண்டு கேட்டவை. ஊரிலை ஆமியிட்டை ஒரு தாளிலை பேர் இருந்தா என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு வீட்டுக்கு நான் நாலு தரம் போனனான். கவுன்டரிலை ஆரோ ஒராளிட்டைக் குடுக்கேல்லை, எங்கட தங்கச்சியின்ரை கையிலை நேரை குடுக்கிறன், ஒருத்தருக்கும் ஒண்டும் வராது எண்டு நான் பொறுப்பெடுத்துச் சொன்னாப் பிறகுதான் வைச்சவை."

கையில் இருந்த தாள்களைத் திரும்ப உறைக்குள் வைத்தேன்.

"குடுத்திட்டியள்தானே?" என்று கேட்டார்.

ஓம் என்ற சொல் நாக்கின் நுனியில் நின்றது. அதை விழுங்கிக்கொண்டேன். "இல்லை அண்ணை. இண்டைக்குத்தான் உடைச்சுப் பாத்தனான். பிறந்தநாள் லிஸ்ட் எண்டு நினைச்சிட்டன்" என்றேன்.

மறுமுனையில் தொலைக்காட்சியை நிறுத்தும்படி அக்காவிடம் சொன்னார். பிறகு மெதுவாக, "அப்ப அவைக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார். கோபம் துளியும் இல்லாத குரல். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை மேலாளர் கதவைத் திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். உறையை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி, "வேறு" என்ற கட்டம், வடை, சுவாமி அறை எல்லாம். சம்பந்தி என்றால் என்னவென்று விளக்க இரண்டு வசனம்தான் தேவைப்பட்டது. விடியவெல்லாம் இல்லை.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அவரால் ஒரு பெயரைக்கூடச் சரியாக உச்சரித்திருக்க முடியாது, ஆனாலும் கடைசிப் பெயர்வரை பார்த்தார். பிறகு, "இது புதன்கிழமை கவுன்சில் ஊழியர் ஒருவரின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நேரத்துக்கு வந்துவிட்டது. நாளைய வாக்கெடுப்பை நிறுத்த வேண்டும். ஏன் என்று கவுன்சிலர்களுக்கு எழுத வேண்டும். நீ எழுதுகிறாயா, நான் எழுதவா?" என்றார்.

"நான் எழுதினால் என் வேலை?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம்" என்றார். கதிரையை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நான் எழுதி முடிக்கும்வரை அந்த அம்மா எழும்பவில்லை. ஒரு சொல்லைக்கூடத் திருத்தவும் இல்லை. "தவறுதலாக" என்று நான் போட்டிருந்த இடத்தில் மட்டும் விரலை வைத்து, "எது தவறுதல்? உறையா, கட்டமா?" என்று கேட்டார். கட்டத்தை நான் தவறுதலாக விடவில்லை. அதையும் எழுதினேன்.

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்தத் திட்டத்திலிருந்து என்னை எடுத்தார்கள். பள்ளிக்கூட அதிபர் அதன் பிறகு என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார். அவருக்கு என் நேர்மையால் ஜிம் தள்ளிப்போனதுதான் மிச்சம், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வேறோர் அலுவலர் புதிதாகக் கருத்துக் கேட்டார். அந்தக் கூட்டத்தில் பேச்சு முழுக்க முடிந்த பிறகுதான் தேநீர், மேலாளர் உத்தரவு. எங்கள் ஆட்கள் வெறும் வயிற்றோடு இரண்டு மணித்தியாலம் கிழித்தார்கள். பாவம் அந்த அலுவலர். நான் கடைசி வரிசையில், வாய் திறக்க உரிமை இல்லாமல் இருந்தேன். அண்ணை முதல் வரிசைக்கு மாறியிருந்தார். பென்ஷனில் இருக்கிறவர்கள் பல வருடம் இதை எப்படிக் கட்டுவது என்று ஆங்கிலத்தில், எழுதி வைத்த தாள் இல்லாமல், தெளிவாகக் கேட்டார். "இந்த நாட்டில் இத்தனை வருடமாக ரேட்ஸ் கட்டுகிறேன். யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. இந்தத் தடவை கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன்" என்று முடித்தார். என் கண் நிறைந்துவிட்டது. கவனியுங்கள், அவர் சொன்னதில் பாதியை நான் அப்போதும் ஏற்றுக்கொள்ளவில்லை.

நீங்கள் எதிர்பார்ப்பது போல எதிர்த்தவர்கள் வெல்லவில்லை. பென்ஷன்காரர்களுக்குச் சுமையைக் குறைத்து, ஜிம்முக்கான கடனைக் கவுன்சிலர்கள் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றினார்கள். அந்த வாக்கெடுப்பைப் பார்க்கக் கையெழுத்து வைத்தவர்களில் இருபது, முப்பது பேர் வந்திருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் வாசலில் கூடி நின்றார்கள். அவர்களை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியாமல் நான் பக்கவாட்டில் நழுவப் பார்த்தேன்.

எண்பது வயதிருக்கும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணை நாலு தரம் போய்வந்த வீடு அவருடையதுதான் என்று பிறகு தெரிந்தது.

"தோத்திட்டம் எண்டு சொல்லுகினம். உண்மையே பிள்ளை?"

"ஓம் அம்மா. ஒரு வோட்டாலை."

"என்ரை பேர் அவையிட்டை இருக்குதே?"

"இருக்கு அம்மா. கோப்பிலை ஏத்தியாச்சு."

"விலாசமும்?"

"விலாசமும் இருக்கு."

"அப்ப ஒருத்தரும் வீட்டை வரமாட்டினமே?"

"ஒருத்தரும் வரமாட்டினம் அம்மா."

என் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தார். நான் சொல்வது உண்மைதானா என்று தேடினார் என்று நினைக்கிறேன். பிறகு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்து, தெருப் பக்கம் தலையை அசைத்தார்.

"அந்தப் பஸ் நிக்கிற இடத்திலை குந்தியிருக்கிறதுக்கு ஒரு வாங்குப் பலகை இருந்தது. கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். அதுக்கு எங்கை பிள்ளை கையெழுத்து வைக்கிறது?"